ஊர்க்காவலர் கையில் துப்பாக்கி: சட்டம் வகுத்த எல்லைகள்

திருவிழாக் கூட்டத்தை ஒழுங்குபடுத்துவது, வெள்ளத்தில் சிக்கியோரை மீட்பது, போக்குவரத்தைச் சீர்செய்வது முதலிய பணிகளில் ஊர்க்காவல் படையினர் காவல்துறைக்குத் துணை நிற்கின்றனர். இப்பணிகளுக்குப் பெரும்பாலும் ஊதலும் தடியுமே போதுமானவை. ஆயினும், இரவு ரோந்தின்போது ஆயுதம் தாங்கிய கொள்ளையர் எதிர்ப்படலாம். அமைதியாக நின்ற கூட்டம் திடீரெனக் கல்லெறியத் தொடங்கலாம். அந்நேரத்தில் ஒரு தொண்டர் எந்த ஆயுதத்தை, யாருடைய ஆணையின் பேரில், எந்த அளவுக்குப் பயன்படுத்தலாம்? இவ்வினாவுக்கான விடை ஒரே சட்டத்தில் அடங்கிவிடவில்லை. பல சட்டங்களில் சிதறிக் கிடக்கிறது. அதை முன்கூட்டியே அறிந்திராத தொண்டர், நெருக்கடி நேரத்தில் தம் உயிரையோ குற்றமற்ற பிறர் உயிரையோ பணயம் வைக்க நேரும்.

ஊர்க்காவல் படை முதன்முதலில் 1946 டிசம்பரில் பம்பாய் மாகாணத்தில் தோன்றியது. வகுப்புக் கலவரங்களை அடக்கும் பணியில் காவல்துறைக்கு உதவுவதே அதன் நோக்கம். அடுத்த ஆண்டே அதற்கெனச் சட்டம் இயற்றப்பட்டது. 1962-இல் நிகழ்ந்த சீன ஆக்கிரமிப்புக்குப் பின், ஆங்காங்கே இருந்த தொண்டர் அமைப்புகளை ஒரே சீரான படையாக இணைக்குமாறு மத்திய அரசு மாநிலங்களுக்கு அறிவுரை வழங்கியது. நாடு முழுவதற்கும் வகுக்கப்பட்ட படை எண்ணிக்கை 5,73,793 ஆகும். எனினும் படையை எழுப்புவதும் நடத்துவதும் மாநிலங்களின் பொறுப்பு. ஆதலால் ஆயுதம் பற்றிய விதிகளும் மாநிலத்துக்கு மாநிலம் வேறுபடுகின்றன. பஞ்சாப், இராஜஸ்தான், குஜராத் போன்ற எல்லைப்புற மாநிலங்களில் எல்லைப் பாதுகாப்புப் படைக்குத் துணையாக எழுப்பப்பட்ட எல்லைப்பிரிவுப் பட்டாலியன்களின் நிலை, நகரத்தில் போக்குவரத்தைச் சீர்செய்யும் தொண்டரின் நிலையிலிருந்து முற்றிலும் வேறானது.

பம்பாய்ச் சட்டத்தின் அடிப்படைக் கருத்து எளியது. ஓர் உறுப்பினர் பணிக்கு அழைக்கப்பட்டிருக்கும்போது, காவல் அலுவலருக்குரிய அதிகாரமும் பாதுகாப்பும் அவருக்கும் உண்டு. காவல்துறைக்கு உதவியாகச் செல்கையில் அவர் காவல் அதிகாரிகளின் கட்டுப்பாட்டுக்கு உட்பட்டவர். "அழைக்கப்பட்டிருக்கும்போது" என்னும் சொல்லில்தான் அனைத்தும் அடங்கியுள்ளது. பணி முடிந்து வீடு திரும்பியதும் அவர் மற்றெல்லாரையும் போன்ற குடிமகனே. சீருடை அலமாரியில் தொங்குவதால் அதிகாரம் தொடர்ந்துவிடாது.

1959-ஆம் ஆண்டின் படைக்கலச் சட்டமும் இதே வழியில் செல்கிறது. பொது ஊழியர் ஒருவர் தம் கடமையின் போக்கில் ஆயுதம் வைத்திருப்பதற்கும் எடுத்துச் செல்வதற்கும் அச்சட்டத்தின் 45-ஆவது பிரிவு விலக்களிக்கிறது. ஊர்க்காவலருக்கு இவ்விலக்கு கிடைப்பது கடமையின் பொருட்டே. அவருடைய தனிப்பட்ட தகுதிக்காக அன்று. ஆகவே துப்பாக்கியும் தோட்டாக்களும் பணி தொடங்கும்போது கணக்கில் பதிந்து வழங்கப்பட்டு, முடிந்ததும் எண்ணித் திரும்பப் பெறப்பட வேண்டியவை. இப்பதிவேட்டை வெறும் எழுத்தர் வேலையென்று எண்ணுவது தவறு. பின்னர் விசாரணை எழுந்தால், துப்பாக்கி எவர் கையில், எந்த ஆணையின்பேரில் இருந்தது என்பதற்கு அதுவே முதற் சான்று.

துப்பாக்கி கையில் இருப்பது வேறு, சுடும் அதிகாரம் வேறு. சட்டவிரோதக் கூட்டத்தைக் கலைந்து போகுமாறு ஆணையிடும் அதிகாரத்தை நிர்வாக நடுவருக்கும், காவல்நிலையப் பொறுப்பு அலுவலருக்கும், அவர் இல்லாதபோது உதவி ஆய்வாளர் நிலைக்குக் குறையாத காவல் அலுவலருக்கும் சட்டம் அளித்துள்ளது. 2024 ஜூலை 1 முதல் நடைமுறையிலுள்ள பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 148-ஆவது பிரிவு இதனைக் கூறுகிறது. ஊர்க்காவலர் அவ்வாணையை நிறைவேற்ற உதவலாம். தாமாக ஆணை பிறப்பிக்கும் இடத்தில் அவர் இல்லை.

ஆணையிடும் அலுவலர் அருகில் இல்லாத நேரத்தில் அவருக்கு எஞ்சியிருப்பது, ஒவ்வொரு குடிமகனுக்கும் உரிய தற்காப்புரிமையே. பாரதிய நியாய சன்ஹிதாவின் 34 முதல் 44 வரையிலான பிரிவுகள் அதை விளக்குகின்றன. தம் உடலை மட்டுமன்றிப் பிறர் உடலைக் காக்கவும் இவ்வுரிமை உண்டு. மரணமோ கொடுங்காயமோ நேருமென நியாயமான அச்சம் எழும்போது, தாக்குபவரின் உயிரைப் போக்கும் அளவுக்குக்கூட இது நீளலாம். ஆனால் பாதுகாப்புக்குத் தேவையானதற்கு மேல் தீங்கு விளைவிக்கக் கூடாது. அரசு அதிகாரிகளின் உதவியை நாட அவகாசம் இருந்தால் இவ்வுரிமை இல்லை. ஓடுகின்ற திருடனின் முதுகில் சுடுவது தற்காப்பு ஆகாது.

தற்காப்புக்கென்று கூறி ஆயுதம் வழங்குவது எங்கே கொண்டுவிடும் என்பதற்குச் சத்தீஸ்கர் அனுபவம் சான்று. 1861-ஆம் ஆண்டின் காவல் சட்டம், கலவரம் நிகழ்ந்து காவலர் போதாதபோது குடிமக்களைச் சிறப்புக் காவல் அலுவலராக நியமிக்க இடமளித்தது. மறுப்போருக்கு 50 ரூபாய் வரை அபராதமும் விதித்தது. தற்காலிகத் தேவைக்கான இவ்வேற்பாடு, சத்தீஸ்கரில் மாவோயிஸ்டுகளுக்கு எதிரான நீண்ட போரின் கருவியாயிற்று. அங்கு 2007-ஆம் ஆண்டின் மாநிலக் காவல் சட்டத்தின்கீழும் பழங்குடி இளைஞர்கள் ஆயிரக்கணக்கில் சேர்க்கப்பட்டனர். ஐந்தாம் வகுப்புப் படிப்பு, இரண்டு மாதப் பயிற்சி, மாதம் 3,000 ரூபாய் மதிப்பூதியம், கையில் துப்பாக்கி. துப்பாக்கி தற்காப்புக்கே என்றது மாநில அரசு. சட்டத்தின் நுட்பங்களை இத்தகைய பயிற்சியில் உணர்த்திவிட முடியாது என்று கருதிய உச்சநீதிமன்றம், 2011 ஜூலை 5 அன்று நந்தினி சுந்தர் வழக்கில் அவர்களைத் தீவிரவாத எதிர்ப்புப் பணியில் ஈடுபடுத்துவதைத் தடைசெய்து, வழங்கிய துப்பாக்கிகளைத் திரும்பப் பெறுமாறு ஆணையிட்டது. பேரிடர் உதவி, மக்களும் ஊர்திகளும் ஒழுங்காகச் செல்ல வகைசெய்தல் ஆகிய பணிகளுக்கு மட்டும் அவர்களை அமர்த்தலாம் என்றது. மாநில அரசு அதே ஆண்டில் தனிச் சட்டம் இயற்றித் துணை ஆயுதக் காவல் படையை அமைத்தது.

ஜம்மு காஷ்மீரில் 1995 முதல் இயங்கிய கிராமப் பாதுகாப்புக் குழுக்கள் வேறு வகையானவை. தொலைதூர மலைக்கிராமங்களில் காவலர் வந்துசேரும்வரை தாக்குதலைத் தாங்கி நிற்க அங்குள்ளோருக்குத் துப்பாக்கிகள் தரப்பட்டன. 2022 ஆகஸ்டில் இவை கிராமப் பாதுகாப்புக் காவலர் என மாற்றியமைக்கப்பட்டு, மாவட்டக் காவல் கண்காணிப்பாளரின் கட்டளையின்கீழ் வைக்கப்பட்டன. 2023 ஜனவரித் தொடக்கத்தில் இரஜௌரி மாவட்டத்தின் டாங்ரி கிராமத்தில் பொதுமக்கள் கொல்லப்பட்ட பின்னர், மத்திய ரிசர்வ் காவல் படையினர் இவர்களுக்கு ஆயுதப் பயிற்சி அளிக்க முன்வந்தனர்.