விர்ச்சுவல் மெஷின் இழுக்குதா? கீழே ஓரத்தில் பச்சை ஆமை இருக்கா பாருங்க!

விண்டோஸ் லேப்டாப்புக்குள்ளேயே லினக்ஸ் கத்துக்கலாம் என்று விர்ச்சுவல்பாக்ஸ் போடுவோம். மவுஸை நகர்த்தினால் அம்புக்குறி ஆடி அசைந்து வரும். ‘லேப்டாப் பழசாயிடுச்சு, ரேம் போடணும்’ என்று கடைக்குக் கிளம்பும் முன், விர்ச்சுவல் மெஷின் ஓடும் விண்டோவின் கீழ் ஓரத்தைப் பாருங்கள். அங்கே பச்சை ஆமை ஐகான் இருந்தால், சிக்கல் பெரும்பாலும் ரேமில் இல்லை.

பிராசசர், மெமரி எல்லாமே தனக்குத்தான் சொந்தம் என்ற நினைப்பில் எழுதப்பட்டது ஆபரேட்டிங் சிஸ்டம். விர்ச்சுவல் மெஷினுக்குள் அதுவே வாடகைக்குக் குடியிருக்கிறது. சுவரில் ஆணி அடிக்கக்கூட ஹவுஸ் ஓனரைக் கேட்கணும். அந்த ஓனர்தான் ஹைப்பர்வைசர். கேட்கும்போதெல்லாம் கையில் இருக்கும் வேலை நின்றுவிடும்.

இப்படிக் கேட்பதைக் குறைக்கத்தான் இத்தனை வருடப் போராட்டம். 1999-ல் விஎம்வேர் வந்தபோது சாதாரண பிசி சிப்களில் இதற்கென எந்த வசதியும் இல்லை. உள்ளே ஓடும் கட்டளைகளை ஓட ஓட மாற்றி எழுதியே சமாளித்தார்கள். இன்டெல் 2005-லும் ஏஎம்டி 2006-லும் சிப்பிலேயே வசதி கொடுத்தன. வேடிக்கை என்னவென்றால், பல வேலைகளில் பழைய சாஃப்ட்வேர் வித்தையே வேகமாக இருந்ததாக 2006-ல் விஎம்வேர் பொறியாளர்கள் ஆய்வுக் கட்டுரையே எழுதினார்கள்!

பெரிய மாற்றம் மெமரியில் வந்தது. எந்தத் தகவல் மெமரியில் எங்கே இருக்கிறது என்ற அட்டவணையைத் திருத்தும்போதெல்லாம் ஓனர் தலையிட வேண்டியிருந்தது. ஏஎம்டி 2007-லும் இன்டெல் 2008-லும் அந்தக் கணக்கைச் சிப்பே பார்த்துக்கொள்ளும்படி செய்தன. அதே 2008-ல் லினக்ஸில் வந்த விர்ட்ஐஓ, டிஸ்க், நெட்வொர்க் வேலைகளைக் கொத்தாகச் சேர்த்து ஒரே தடவையில் ஓனரிடம் கொடுக்க வழிசெய்தது.

சரி, ஆமை எதற்கு? விண்டோஸின் சொந்த ஹைப்பர்வைசரான ஹைப்பர்-வி ஏற்கெனவே ஓடிக்கொண்டிருக்கிறது என்று அர்த்தம். விர்ச்சுவல்பாக்ஸ் சிப்பிடம் நேரடியாகப் போக முடியாமல், அதன் வழியாகச் சுற்றிப் போகிறது. பல புது விண்டோஸ் 11 லேப்டாப்களில் ‘மெமரி இன்டெக்ரிட்டி’ என்ற பாதுகாப்பு வசதிக்காகவே இது ஆன் ஆகியிருக்கும்.

‘அதை ஆஃப் பண்ணுங்க’ என்றுதான் யூடியூபில் பலரும் சொல்வார்கள். ஆமை போய்விடும், ஆனால் வைரஸ் விண்டோஸின் அடிமடியில் கை வைப்பதைத் தடுக்கும் காவலும் சேர்ந்தே போகும். பேங்க் வேலையும் அதே லேப்டாப்பில் என்றால் தொடாதீர்கள். முதலில் ‘கெஸ்ட் அடிஷன்ஸ்’ இன்ஸ்டால் செய்யுங்கள். மவுஸும் திரையும் இழுப்பது அதிலேயே குறையலாம். டெர்மினலில் கட்டளைகள் பழகினால் போதும் என்பவர்களுக்கு மைக்ரோசாஃப்ட்டின் டபிள்யூஎஸ்எல் 2 இருக்கிறது. அது ஹைப்பர்-வி தொழில்நுட்பத்தின் மேலேயே ஓடுவதால், இரண்டு ஓனர் தகராறே கிடையாது.