சிவப்பு விளக்குகள் மின்னினால்

இலங்கையிலோ தமிழகத்திலோ வாகனம் ஓட்டிப் பழகி, அண்மையில் ஒன்ராறியோவில் குடியேறியவரா நீங்கள்? வெளிநாட்டுச் சாரதி அனுமதிப்பத்திரத்தோடு இங்கே 60 நாட்கள் வரைதான் ஓட்டலாம்.

இங்கு வீதியின் வலப்பக்கமாகச் செல்ல வேண்டும். நெரிசலில் முன்னால் போகும் வண்டியைப் பார்த்தே சரியாக ஓட்டிவிடுவோம். வெறிச்சோடிய வீதியில்தான் ஆபத்து. அதிகாலையில் வாகனத் தரிப்பிடத்திலிருந்து இடப்புறம் திரும்பும்போது, பழகிய கை பழைய பக்கத்துக்கே இழுக்கும்.

மஞ்சள் நிறப் பாடசாலைப் பேருந்து நின்று, சிவப்பு விளக்குகள் மின்னினால், பின்னால் வருபவர் மட்டுமல்ல, எதிரே வருபவரும் நிற்க வேண்டும். வீதியின் நடுவே தடுப்பு இருந்தால் மட்டுமே எதிரே வருபவருக்கு விலக்கு. ஊரில் நின்ற பஸ்ஸை முந்திப் போவது நமக்குச் சாதாரணம். இங்கே அந்த நேரத்தில் பேருந்தின் முன்னால் ஒரு பிள்ளை வீதியைக் கடந்துகொண்டிருக்கும். முதல் தடவைக்கே 400 முதல் 2,000 டொலர் வரை அபராதம்; 6 குற்றப் புள்ளிகள். பணம் போனால் உழைத்துக்கொள்ளலாம், அந்தப் பிள்ளையை நினையுங்கள்.

வெப்பநிலை 7 பாகைக்குக் கீழே இறங்கத் தொடங்கியதும் பனிக்கால டயர்களுக்கு மாறிவிடுங்கள்.

நடப்பவர்களுக்கும் ஒன்று: வீதியைக் கடக்குமுன் முதலில் இடப்பக்கம் பாருங்கள். அருகில் வரும் வாகனம் அந்தப் பக்கமிருந்துதான் வரும். ஊரிலிருந்து வந்திருக்கும் அம்மா அப்பாவுக்கு இதை இன்றே சொல்லிக்கொடுங்கள்.