மூணு பெடல் இருக்கு, ஆனா ஆக்ஸிலரேட்டர் இல்லை! - ஃபோர்டு மாடல் டி காரின் கிளட்ச், கியர் கதை

இருபது வருஷமா கார் ஓட்டுறவரா நீங்க? அப்படின்னா ஃபோர்டு மாடல் டி-யை ஓட்டுறதுல உங்களுக்குத்தான் ஆபத்து அதிகம். புதுசா கத்துக்கிறவர்கூட தப்பிச்சுடுவார்!

காரணம், நம்ம காலுக்குப் பழகிப்போன பழக்கம். குறுக்கே ஏதாவது வந்தால் இடது கால் தானாகவே கிளட்ச்சை முழுசா மிதிக்கும். இந்த காரில் அப்படி மிதித்தால் எஞ்சின் விடுபடாது, வண்டி லோ கியரில் விழுந்து முன்னால் தள்ளும். நடுவில் இருப்பது பிரேக் இல்லை, ரிவர்ஸ். வலது ஓரம்தான் பிரேக். ஆக்ஸிலரேட்டர் காலடியிலேயே கிடையாது. ஸ்டீயரிங்குக்குக் கீழே வலது பக்கம் சின்ன லீவராக இருக்கிறது. காலை எடுத்துட்டா வேகம் குறையும்னு நினைச்சா, அதுவும் நடக்காது.

1908 முதல் 1927 வரை ஒன்றரைக் கோடிக்கும் மேல் தயாரிக்கப்பட்ட கார் இது. அந்தக் காலத்தின் மற்ற கார்களில் கியர் மாற்றுவது ஒரு வித்தை. கொஞ்சம் பிசகினாலும் பற்கள் 'கர்ர்'ரென்று உரசும். குதிரை வண்டி மட்டுமே ஓட்டிப் பழகிய விவசாயிக்கு அந்தத் தலைவலியே வேண்டாம் என்று ஃபோர்டு கொடுத்ததுதான் பிளானட்டரி கியர் அமைப்பு.

சூரியனைக் கிரகங்கள் சுற்றுவதுபோல, ஒரு மையத்தைச் சுற்றிப் பல்சக்கரங்கள் எப்போதும் ஒன்றோடு ஒன்று கோத்தபடியே சுழலும். அதனால் உரசல் என்ற பேச்சே இல்லை. வெளியே மூன்று டிரம்கள். ஒவ்வொன்றையும் சுற்றி, உள்பக்கம் பருத்தி லைனிங் வைத்த ஓர் இரும்பு பேண்ட், இடுப்பு பெல்ட் மாதிரி. பெடலை மிதித்தால் பேண்ட் இறுகி அந்த டிரம்மைப் பிடித்து நிறுத்தும். எந்த டிரம் நிற்கிறதோ, அதற்கேற்ற கியர். இடது பெடலை முழுசா மிதித்தால் லோ, பாதியில் நிறுத்தினால் நியூட்ரல், விட்டுவிட்டால் ஹை. ஹை கியரில் எந்த பேண்டுக்கும் வேலையில்லை; ஆயிலில் ஊறிக்கொண்டிருக்கும் கிளட்ச் தட்டுகளை ஒரு ஸ்பிரிங் அழுத்திப் பிடிக்க, எல்லாம் ஒரே கட்டாகச் சுற்றும்.

லோ கியரின் விகிதம் 2.75, ரிவர்ஸ் 4. அதாவது, இழுவை அதிகம் ரிவர்ஸில்தான். போதாக்குறைக்கு பெட்ரோல் பம்ப்பும் கிடையாது. சீட்டுக்கு அடியில் இருக்கும் டேங்க்கிலிருந்து பெட்ரோல் தானாகத்தான் இறங்கி வரவேண்டும். டேங்க்கில் கொஞ்சமாக இருக்கும்போது செங்குத்தான மேட்டில் மூக்கு தூக்கினால் எஞ்சினுக்கு வந்து சேராது. அதனால் மேட்டை ரிவர்ஸிலேயே ஏறியவர்கள் உண்டு!

இன்றும் இந்த காரை வைத்திருப்பவர்களுக்கு ஓயாத வேலை, பேண்டுகளை டைட் வைப்பதுதான். லோ பேண்டின் ஸ்க்ரூ கியர் பெட்டியின் வலது பக்கம் வெளியிலேயே இருக்கிறது. ரிவர்ஸ், பிரேக் இரண்டுக்கும் தரைப்பலகையைக் கழற்றி, மேலே இருக்கும் சின்ன மூடியைத் திறக்கவேண்டும். திறந்ததும் முதல் வேலை, உள்ளே பழைய துணியை அடைத்துவிடுவது. ஒரு நட் கைதவறி விழுந்தால் போச்சு! அதே பெட்டிக்குள்தான் ஃப்ளைவீலும், அதில் பொருத்திய காந்தங்களும் சுற்றுகின்றன.

எவ்வளவு இறுக்குவது? இங்கேதான் பலர் தவறுகிறார்கள். தளர்ந்தால் வழுக்கும்னு பயந்து ஒரேயடியாக முறுக்கிவிடுவார்கள். பெடலை விட்டபிறகும் பேண்ட் டிரம்மை உரசிக்கொண்டே இருந்தால், சூடேறி லைனிங் கருகும். உதிரும் பருத்தி நூல் ஆயிலில் கலந்து ஆயில் குழாயையே அடைக்கும். எஞ்சினுக்கும் கியருக்கும் ஒரே ஆயில்தான், ஞாபகம் இருக்கட்டும். இப்போது கெவ்லார் லைனிங்கும் கிடைக்கிறது. நீண்ட நாள் உழைக்கும். ஆனால், ரொம்ப நேரம் வழுக்கவிட்டால் சூடு தாங்காமல் டிரம்மே விரிசல் விடலாம். என்னைக் கேட்டால், லைனிங்கைவிட காலைப் பழக்குவது முக்கியம்.

ஹை கியரில் வழுக்கினால் அது பேண்ட் தவறு இல்லை, கிளட்ச். அதில் இருக்கும் மூன்று விரல்களின் ஸ்க்ரூக்களையும் ஒரே அளவு, அரை அரைச் சுற்றாக இறுக்க வேண்டும். கழற்றிய பின்களை மறக்காமல் திரும்ப மாட்டுங்கள்.

பயப்பட வேண்டிய விஷயம் ஒன்று இருக்கிறது. கால் பிரேக் பிடிப்பது சக்கரத்தை இல்லை, கியர் பெட்டிக்குள் இருக்கும் டிரம்மை. பின் ஆக்ஸிலுக்குள் பழைய வாஷர் நொறுங்கி பற்கள் விலகிவிட்டால், எவ்வளவு மிதித்தாலும் வண்டி நிற்காது. கையில் மிஞ்சுவது பின்சக்கரங்களைப் பிடிக்கும் ஹேண்ட் லீவர் மட்டும். அதனால்தான் வெளியே எடுத்து ஓட்டுபவர்கள் பலர், பின்சக்கரங்களுக்குத் தனியாக பிரேக் பொருத்திக்கொள்கிறார்கள்.

குளிர்காலக் காலையில் இன்னொரு விளையாட்டு. ஆயில் கெட்டியாகி கிளட்ச் தட்டுகள் ஒட்டிக்கொள்ளும். லீவரை நியூட்ரலில் இழுத்து வைத்திருந்தாலும், முன்னால் நின்று ஹேண்டில் போட்டு ஸ்டார்ட் செய்பவர் மீதே வண்டி ஊர்ந்து வரும். இதற்குப் பழைய ஆட்கள் ஒரு வழி வைத்திருந்தார்கள். மற்ற சக்கரங்களுக்குக் கட்டை கொடுத்துவிட்டு, ஒரு பின்சக்கரத்தை மட்டும் ஜாக்கியில் தூக்கிவிடுவார்கள். அது அந்தரத்தில் சுற்றும், வண்டி நகராது. ஆயில் சூடானபிறகுதான் ஜாக்கியை இறக்குவார்கள்.