பாட்டு இங்கே, பறவை எங்கே?

சாக்ஸ்-ஜிம் சதுப்புக்குப் பெயர் வாங்கித் தந்தது ஆந்தை. அமெரிக்காவின் மினசோட்டா மாநிலத்தில், டுலூத் நகரத்திலிருந்து வடமேற்கே காரில் ஒரு மணி நேரம் போனால் இந்த நிலம் வந்துவிடும். பிப்ரவரிக் குளிரில், மூக்கு நுனி உறையும் நாட்களில், கேமராக்காரர்கள் எங்கெங்கிருந்தோ இங்கே வந்து இறங்குகிறார்கள். பெரிய சாம்பல் ஆந்தை சாலையோர மரத்தில் 'எடுத்துக்கொள்' என்று சொல்லாத குறையாக உட்கார்ந்திருக்கும். மெடோலேண்ட்ஸ் என்ற சிற்றூரில் குளிர்காலப் பறவைகளுக்கென்று விழாவே நடக்கிறது. ஜூன் மாதத்தில் அதே சாலைகளில் ஈ காக்கை இல்லை என்று சொல்ல முடியாது. ஈ ஏராளம், கொசு அதைவிட ஏராளம். ஆட்கள்தான் குறைவு.

ஆனால் பாட்டு அப்போதுதான். வார்ப்ளர் என்று பொதுப்பெயரால் அழைக்கப்படும் சின்னஞ்சிறு பறவைகள் தென்னமெரிக்காவிலிருந்தும் மத்திய அமெரிக்காவிலிருந்தும் கூடு கட்ட வடக்கே வந்து சேரும் பருவம் அது. குளிர்காலத்தில் நம் ஊர் மரங்களுக்கு வரும் கதிர்க்குருவிகளோடு இவற்றுக்கு நெருங்கிய உறவு எதுவும் இல்லை. இவை அமெரிக்கக் கண்டங்களுக்கே உரிய தனிக் குடும்பம். பெரும்பாலானவை பத்து கிராமை ஒட்டித்தான் இருக்கும். மஞ்சளும் சாம்பலும் ஆலிவ் பச்சையுமாக, இலைக்கும் நிழலுக்கும் நடுவில் ஒளிந்துகொள்ளவே நிறம் பூசிக்கொண்டவை. ஆந்தையைப் படம்பிடிக்கக் குளிரைத் தாங்கினால் போதும். வார்ப்ளரைப் படம்பிடிக்க முதலில் காது வேண்டும்.

சுமார் 300 சதுர மைல் பரந்த இந்தப் பகுதி, பனியுகத்தின் முடிவில் உருகிய நீர் தேங்கிய அப்ஹாம் என்ற பழைய ஏரியின் படுகை. ஏரி வடிந்தது, தட்டையான ஈரம் மட்டும் தங்கிவிட்டது. அதன்மேல் ஸ்பாக்னம் என்ற பாசி ஆயிரக்கணக்கான ஆண்டுகளாக அடுக்கடுக்காக வளர்ந்து, மட்காமல் கிடந்து, பீட் மண்ணாகியிருக்கிறது. தன் உலர்ந்த எடையைப்போல் இருபது மடங்குவரை தண்ணீரைப் பிடித்துவைக்கும் பாசி அது. சுற்றியிருக்கும் நீரையும் அமிலமாக்கிவிடும். சத்தில்லாத அந்த அமில நீரில் பிழைக்கக் கற்றவை சில மட்டுமே: பூச்சி பிடித்துத் தின்னும் குடுவைச் செடிகள், கறுப்பு ஸ்ப்ரூஸ், இலையுதிர்காலத்தில் ஊசியிலைகளைப் பொன்னாக்கி உதிர்த்துவிடும் டாமராக். மணிக்கட்டுப் பருமன்கூட இல்லாத ஸ்ப்ரூஸ் மரத்துக்கு நூறு வயது இருக்கலாம். கடந்த நூற்றாண்டின் தொடக்கத்தில் வாய்க்கால் வெட்டி, தண்ணீரை வடித்து, இதை விளைநிலமாக்கப் பார்த்தார்கள். நிலம் மசியவில்லை. நேர்கோடாக ஓடும் அந்த வாய்க்கால்களை இன்றும் பார்க்கலாம்.

இந்தக் காட்டில் எல்லா மரமும் ஒன்றுபோல் இருப்பதால், 'அதோ, அந்த வளைந்த கிளைக்குப் பக்கத்தில்' என்று அடையாளம் சொல்ல வழியே இல்லை. ஜூன் நடுவில் சூரியன் ஐந்தே கால் மணிவாக்கில் எழுகிறது. அதற்கு முன்பே பாட்டு தொடங்கிவிடும். சாலையோரத்தில் காரை நிறுத்தி, இன்ஜினை அணைத்து, கதவைச் சாத்தாமல் இறங்கி நிற்க வேண்டும். முதல் பத்து நிமிடம் கேமராவைப் பையிலிருந்து எடுக்காதவர்தான் அன்றைக்கு நல்ல படம் எடுப்பார் என்பது என் கட்சி.

ஏனென்றால் குழப்புவதற்கென்றே சில குரல்கள் இருக்கின்றன. பாம் வார்ப்ளர் வறண்ட குரலில் ஒரே சுருதியில் விர்ரென்று இழுக்கும். சதுப்புச் சிட்டும் அப்படித்தான். ஜுங்கோ என்ற சாம்பல் சிட்டும் ஏறக்குறைய அதே. நாஷ்வில் வார்ப்ளர் முதல் பாதியை நிதானமாகவும் மறுபாதியை அவசரமாகவும் பாடும் என்பதால் அதைப் பிரித்துவிடலாம். சதுப்பின் ஓரத்தில் மேடான, இலைமரக் காட்டில் ஓவன்பேர்ட் 'டீச்சர்! டீச்சர்! டீச்சர்!' என்று வரவரக் குரலை உயர்த்திக் கூப்பிடுகிறது. ஒன்றாம் வகுப்பை நினைவுபடுத்தும் பறவை. ஆல்டர் புதர் மண்டிய இடங்களில் கோல்டன்-விங்டு வார்ப்ளரின் தேனீ முரல்வது போன்ற குரல் கேட்கும். உலகில் கூடுகட்டும் அந்த இனத்துப் பறவைகளில் ஏறத்தாழ பாதி மினசோட்டாவை நம்பியிருக்கின்றன.

கார்னெல் பல்கலைக்கழகப் பறவை ஆய்வகத்தின் மெர்லின் செயலி 2021 முதல் குரலைக் கேட்டுப் பெயர் சொல்கிறது. நல்ல உதவிதான். ஆனால் அது பெயரைச் சொல்லுமே தவிர, திசையைச் சொல்லாது. எந்த மரம், எந்த உயரம், பறவை தலையை இந்தப் பக்கம் திருப்பிப் பாடுகிறதா அந்தப் பக்கமா என்பதைக் காதுதான் கண்டுபிடிக்க வேண்டும்.

இதே கார்னெலில் 1929-ம் ஆண்டு நடந்த ஒரு கதை இங்கே பொருந்தும். பேசும் படம் புதிதாக வந்திருந்த காலம். பாடும் பறவையைப் பேசும் படத்தில் பிடிக்க விரும்பி, ஃபாக்ஸ் மூவிடோன் நிறுவனத்தின் ஆட்கள் தங்கள் கருவிகளோடு கார்னெல் இருக்கும் இத்தாக்கா நகரத்துக்கு வந்தார்கள். பறவையியல் பேராசிரியர் ஆர்தர் ஆலனும் பீட்டர் பால் கெல்லாக்கும் உதவ, மே மாதம் ஊர்ப் பூங்காவிலேயே பதிவு நடந்தது. வட அமெரிக்கக் காட்டுப் பறவைகளின் குரல் முதன்முதலில் பதிவானது அப்படி, சினிமா படச்சுருளின் ஓரத்தில். பின்னர் பரவளையத் தட்டின் நடுவில் மைக்கைப் பொருத்தித் தூரத்துக் குரலை அள்ளும் முறையை கெல்லாக் குழுவினர் பழக்கத்துக்குக் கொண்டுவந்தார்கள். இன்று வார்ப்ளர் எடுக்க வருகிறவர்களில் பலர், லென்ஸுக்குச் செலவிடும் பணத்தில் பத்தில் ஒரு பங்கைக்கூட மைக்குக்குச் செலவிடுவதில்லை. கேமராவின் சொந்த மைக்கில் பதிவாவது பெரும்பாலும் கொசுதான்.

கொசுவின் ரீங்காரத்துக்கு ஒரு நல்ல குணம் உண்டு. அதன் அடிப்படைச் சுருதி ஐந்நூறு ஹெர்ட்ஸை ஒட்டியே இருக்கும். வார்ப்ளர்கள் பாடுவது சில ஆயிரம் ஹெர்ட்ஸ் உயரத்தில். பதிவு செய்யும்போதே கீழ்ச்சுருதிகளை வெட்டும் வடிகட்டியைப் போட்டுவிட்டால் கொசுவின் பெரும்பகுதியும் தூரத்து லாரியும் போய்விடும். கையை வீசி அடிக்கும் சத்தத்தை மட்டும் எந்த வடிகட்டியாலும் நீக்க முடியாது. தலைக்கு வலை போட்டுக்கொண்டு, கடியைப் பொறுத்துக்கொள்ள வேண்டியதுதான்.

படம் பிடிப்பதில் முதல் தொல்லை ட்ரைபாட். பாசிமேல் ஊன்றினால் கால்கள் மெல்ல இறங்கும். எடுப்பவர் எடையை ஒரு காலிலிருந்து இன்னொரு காலுக்கு மாற்றினாலே நிலம் அசைந்து ஃப்ரேம் ஆடும். 600 எம்எம் லென்ஸில் அந்த ஆட்டம் நிலநடுக்கமாகத் தெரியும். பாசிமேல் இறங்காமல் இருக்க அதைவிடப் பெரிய காரணம், பாம், நாஷ்வில், கனெக்டிகட் வார்ப்ளர்கள் எல்லாம் கூடு வைப்பது தரையில், பாசி மேடுகளில். நாம் கால் வைக்கத் தோதாகத் தெரியும் அதே மேடுகள்தான். ஆகவே வேலை மண்சாலையிலும் பலகைப் பாதையிலும்தான். சாக்ஸ்-ஜிம் சதுப்பின் நண்பர்கள் என்ற அமைப்பு நிலத்தை விலைக்கு வாங்கிக் காத்து, அப்படிச் சில பலகைப் பாதைகளும் போட்டு வைத்திருக்கிறது. பலகைப் பாதையிலும் நம்மோடு வந்தவர் நடந்தால் படம் ஆடும். நண்பர்களைக் காரிலேயே விட்டு வருவது உத்தமம்.

இரண்டாவது தொல்லை ஃபோகஸ். தானியங்கி ஃபோகஸுக்கு முன்னால் நிற்கும் குச்சியின்மேல் தீராத காதல். பறவையின் கண்ணை அடையாளம் காணும் புதிய கேமராக்கள்கூட ஸ்ப்ரூஸின் பின்னலுக்குள் திணறுகின்றன. கையால் திருப்பி ஃபோகஸ் வைக்கத் தெரிந்தவருக்கு இங்கே மரியாதை. வெயில் ஏறிய பிறகு இலைக்கு இலை வெளிச்சமும் கருமையுமாகத் திட்டுத்திட்டாகிவிடும். மேகம் மூடிய காலைதான் வரம்.

எந்தக் கிளையில் காத்திருப்பது என்பதற்கு அறிவியல் ஒரு குறிப்பு தந்திருக்கிறது. ராபர்ட் மெக்ஆர்தர் என்ற இளம் சூழலியலாளர் ஒரே ஊசியிலைக் காட்டில் ஐந்து வகை வார்ப்ளர்கள் எப்படிச் சேர்ந்து வாழ்கின்றன என்று பார்க்க, ஸ்ப்ரூஸ் மரத்தை மனத்துக்குள் பகுதி பகுதியாகப் பிரித்து, எந்தப் பறவை எங்கே எத்தனை வினாடி இரை தேடுகிறது என்று கணக்கெடுத்தார். 1958-ல் வெளியான அந்த ஆய்வு இன்றும் பாடமாக இருக்கிறது. கேப் மே வார்ப்ளர் உச்சியின் வெளிநுனியில், பே-பிரெஸ்டட் நடுமரத்தின் உட்பகுதியில் என்று ஒவ்வொன்றுக்கும் ஒரு மாடி. மெக்ஆர்தர் பார்த்தது மெய்ன், வெர்மான்ட் காடுகளை. ஆனால் மினசோட்டாவில் நிற்கும் கேமராக்காரருக்கும் அந்த வரைபடம் கைகொடுக்கும்.

எல்லாரும் தேடி வரும் பறவை கனெக்டிகட் வார்ப்ளர். ஸ்காட்லாந்திலிருந்து வந்த நெசவாளரும் பறவை ஓவியருமான அலெக்சாண்டர் வில்சன், 1812-ல் வெளியான நூலில் முதலில் விவரித்தது. கனெக்டிகட் அதற்கு வழிப்போக்கு மாநிலம் மட்டுமே, அங்கே அது கூடு கட்டுவதில்லை. முதல் கூட்டை எர்னஸ்ட் தாம்சன் சீட்டன் கனடாவின் மனிடோபாவில் கண்டெடுத்தபோது ஆண்டு 1883. எழுபது ஆண்டு ஒளிந்திருந்த கூடு! சாம்பல் தலை, மஞ்சள் வயிறு, கண்ணைச் சுற்றி முழு வெள்ளை வளையம். சதுப்பே அதிரும்படி உரக்கப் பாடும், ஆனால் பாடும்போது அசையாது. மரத்தின் பாதி உயரத்தில் ஒரு கிளையில் சிலையாக உட்கார்ந்து பாடுவதால், அசைவைத் தேடும் நம் கண்ணுக்குச் சிக்குவதில்லை. தலையைத் திருப்பினால் குரல் வேறு மரத்திலிருந்து வருவதுபோல் தோன்றும். நேரம் போய்க்கொண்டே இருக்கும்.

அப்போதுதான் கை போனுக்குப் போகிறது. அதே இனத்தின் பாட்டை ஒலிக்கவிட்டால், எல்லைக்குள் எதிரி வந்துவிட்டான் என்று ஆண் பறவை பாய்ந்து வந்து கண்ணெதிரே நிற்கும். இரண்டு நிமிடத்தில் படம் முடிந்துவிடும். அமெரிக்கப் பறவை நோக்கர் சங்கத்தின் நெறிமுறை இதில் அடக்கம் வேண்டும் என்கிறது. அரிய பறவைகள் விஷயத்தில் இன்னும் கண்டிப்பாக. பறவைக்கு வீண் அலைச்சல் என்பது ஒரு காரணம், அதுவே போதுமானது. எனக்கு இன்னொரு புகாரும் உண்டு. அப்படி எடுத்த படத்தில் இருப்பது கோபம். சிறகை உதறி, கழுத்தை நீட்டி, இல்லாத எதிரியைத் தேடும் பறவையைக் காட்டி 'இயற்கையான சூழலில்' என்று பின்னணிக் குரல் பேசுவது பொய். இந்தப் பறவையின் உண்மையான இயல்பு நடப்பது. மற்ற வார்ப்ளர்கள் பல தத்தும்போது, இது பாசிமேல் கால் மாற்றிக் கால் வைத்து நிதானமாக நடந்து இரை பொறுக்கும். அந்த நடையை இருபது வினாடி எடுத்தவர், பாடும் முகத்தை இருபது நிமிடம் எடுத்தவரைவிட அதிகம் காட்டிவிட்டார்.

இன்னொரு குறையையும் சொல்லிவிடுகிறேன். பின்னணியை முழுக்க மங்கலாக்கி, பச்சைத் திரைமுன் வைத்த பொம்மையாகப் பறவையைக் காட்டுவது இப்போதைய மோகம். அதில் சதுப்பே காணாமல் போகிறது. அதே மினசோட்டாவில், மார்செல் ஆய்வுக் காட்டில், இதுபோன்ற ஸ்ப்ரூஸ் சதுப்பின்மேல் கூரையில்லாத கூண்டுகள் எழுப்பி, 2015-ல் தொடங்கி, வழக்கத்தைவிட 9 டிகிரி செல்சியஸ்வரை கூடுதலாகக் காற்றைச் சூடாக்கிப் பார்த்தார்கள். சூடு கூடக்கூட ஸ்பாக்னம் பாசி அங்கே குறைந்துகொண்டு வந்தது. கூடு தாங்கும் பாசியே இப்படி மாறக்கூடியதென்றால், லென்ஸைக் கொஞ்சம் பின்வாங்கி மரத்தையும் பாசியையும் சேர்த்து எடுத்து வைப்பது நல்லது.

ஜூலை நடுவில் பாட்டு ஓய்கிறது. பாடியவை பிறகு எங்கே போகின்றன? மனிடோபாவில் கனெக்டிகட் வார்ப்ளர்கள் சிலவற்றின் முதுகில் ஒளியை அளக்கும் சிறு கருவியைக் கட்டி அனுப்பிய ஆய்வின் முடிவு 2017-ல் வந்தது. இலையுதிர்காலத்தில் அவை அமெரிக்கக் கிழக்குக் கரைக்குப் போய், அட்லாண்டிக் மேல் இரண்டு நாள் நிற்காமல் பறந்து கரீபியன் தீவுகளை அடைந்து, பிறகு தென்னமெரிக்கா போய்ச் சேர்ந்தன. கருவி கட்டப்பட்டவை எல்லாம் ஆண் பறவைகள். பாடும் பறவையைத்தானே தேடிப் பிடிக்க முடியும்! படங்களிலும் அதே கதை. பெண் பறவை பெரும்பாலும் தற்செயலாகவே சிக்குகிறது, அலகில் புழுவோடு. அது கூட்டுக்கு நேராகப் பறந்து போவதில்லை. தள்ளி இறங்கி, புதர்களின் அடியில் நடந்தே போகும். ஆள் பார்க்கிறான் என்று தெரிந்தால் புழுவை வைத்துக்கொண்டே கிளைக்குக் கிளை மாறி நேரம் கடத்தும், குஞ்சுகள் பசியோடு காத்திருக்கும். அந்த நிலையில் கிடைத்த சில வினாடிகளோடு ரெக்கார்டிங்கை நிறுத்திவிட்டு, ட்ரைபாடைத் தூக்கிக்கொண்டு சாலைக்கு நடையைக் கட்ட வேண்டும்.