பழமை சுட்டும் சொற்கள்

ஆங்கிலத்தில் ‘ஓல்டு’ என்னும் ஒரு சொல்லே சோற்றையும் மனிதரையும் கோயிலையும் சிறப்பிக்கும். தமிழிலோ அது பலவாய்ப் பிரியும். நேற்று வடித்த சோறு பழையது. ஆண்டு பல கண்ட மரம் முதியது. நமக்கு முன் பிறந்தவர் மூத்தவர். ‘கிழவர்’ என்பது இன்று முதுமையையே குறிப்பினும், பண்டு உரிமையுடையாரைக் குறித்தது. ‘பழமை’ பொதுச்சொல், பயன் கழிந்த கந்தலையும் அது தழுவும். ‘தொன்மை’யோ காலத்தால் மிக முற்பட்டுப் போற்றுதற்குரியதையே சுட்டும்.

இவ்வேறுபாடு வெறும் சொல்லாராய்ச்சி அன்று. புதுக்கோட்டையை அடுத்த சித்தன்னவாசலில், ஏழடிப்பட்டத்துச் சமணர் கற்படுக்கையொன்றில் ஏறத்தாழ 2,000 ஆண்டுகட்கு முற்பட்ட தமிழ்ப் பிராமி எழுத்துகள் உள்ளன. அதனைப் ‘பழைய கல்’ என்பான் தன் பெயரையும் அதன்மேற் கீறத் துணிதல் கூடும். ‘தொல்பொருள்’ என்பான் கை வையான். ஆதலின், மொழிபெயர்க்கப் புகும் மாணவ நண்பர்காள், அகராதியின் முதற்சொல்லோடு நில்லாது பொருளறிந்து சொல் தேர்க. சொல் தாழின் பொருளும் தாழும்.