வாசலோடு திரும்பிப் போன யந்திரம்!

மதுரையில் திருப்பரங்குன்றத்தை அடுத்து இருப்பது திருநகர். அங்கே ஒரு தபால்காரர் ஒரு வீட்டு வாசலில் வந்து நிற்கிறார் என்று வைத்துக்கொள்வோம்.

வாசலில் பெயர் இல்லை. கதவு எண்ணும் இல்லை. "இடப்பக்கக் கதவைப் பார், வலப்பக்கக் கதவைப் பார்" என்று மட்டும் எழுதி இருக்கிறது.

தபால்காரர் என்ன செய்வார்? தபாலைப் பையில் போட்டுக்கொண்டு அடுத்த வீட்டுக்குப் போய்விடுவார்!

இணையத்திலும் இப்படிப்பட்ட வீடுகள் உண்டு. அவற்றுக்கு "பிரேம்" போட்ட இணையதளங்கள் என்று பெயர்.

ஒரு பக்கம், மூன்று துண்டு

1996-ம் ஆண்டில் நெட்ஸ்கேப் 2.0 என்ற பிரவுசர் வந்தது. அதில் ஒரு புதுமை. ஜன்னலைச் சட்டம் போட்டுப் பிரிப்பதுபோல, திரையைப் பல துண்டுகளாகப் பிரிக்கலாம். மேலே தலைப்பு, இடது பக்கம் பட்டியல், வலது பக்கம் விஷயம். பட்டியலில் எதைத் தொட்டாலும் வலப்பக்கம் மட்டும் மாறும்.

பார்க்க அழகுதான். ஆனால் மூன்று துண்டும் மூன்று தனிப் பக்கங்கள்! வெளியே இருக்கும் தாய்ப் பக்கத்தில், "இதை இங்கே வை, அதை அங்கே வை" என்ற கட்டளையைத் தவிர வேறு எதுவும் இல்லை.

இதனால் என்ன கெட்டுவிட்டது?

கூகிளில் நாம் ஒரு சொல்லைத் தட்டியதும், அது அந்த நொடியில் உலகம் எல்லாம் ஓடித் தேடுவதில்லை. அதன் யந்திரம் முன்கூட்டியே பக்கம் பக்கமாகப் போய்ப் படித்து, எந்தச் சொல் எங்கே இருக்கிறது என்று அட்டவணை போட்டு வைத்திருக்கிறது. அந்த அட்டவணையில் ஏறாத பக்கம் இருந்தும் இல்லாததுதான்.

அந்த நாள் யந்திரங்கள் பல, தாய்ப் பக்கத்தைப் பார்த்துவிட்டு வாசலோடு திரும்பின. உள்ளே நுழைந்தாலும் வேறு தொல்லை. தேடி வருகிறவர் நேரே உள்துண்டில் போய் விழுவார். பட்டியல் இருக்காது. முகப்புக்குப் போகும் வழியும் தெரியாது. கோபுரத்தைப் பார்க்காமலே பிரகாரத்தின் நடுவில் இறக்கிவிடப்பட்டவர் கதைதான்!

கதவு திறக்கும் வழி

இதற்குப் பரிகாரம் உண்டு. தாய்ப் பக்கத்திலேயே, பிரேம் தெரியாதவர்களுக்கு என்று ஓர் இடம் இருக்கிறது. தளம் எதைப் பற்றியது என்று அங்கே நாலு வரி எழுதி, உள்ளே உள்ள பக்கங்களுக்கு இணைப்புக் கொடுக்க வேண்டும். ஒவ்வொரு உள்பக்கத்துக்கும் தனித் தலைப்பு வேண்டும். முகப்புக்குத் திரும்ப இணைப்பும் வேண்டும். சம்பந்தம் இல்லாத சொற்களை அடுக்கி யந்திரத்தை ஏமாற்றப் பார்த்தவர்களும் உண்டு. அவர்களை யந்திரம் பின்னுக்குத் தள்ளிவிட்டது!

எல்லாவற்றையும்விட நல்ல வழி, பிரேமையே எடுத்துவிடுவது. 2014-ல் வந்த எச்.டி.எம்.எல். 5 விதிமுறை இந்தப் பிரேமை ஒதுக்கிவிட்டது. பக்கத்தின் நடுவே வீடியோ பதிக்க உதவும் சிறு சட்டம் வேறு. அது இன்றும் புழக்கத்தில் உண்டு.

தமிழுக்கு இன்னொரு பூட்டு

பிரேமை எடுத்த பிறகும் தமிழ்ப் பக்கங்கள் பல கண்ணுக்குத் தெரியவில்லை. ஏன்?

அப்போது தமிழுக்கு ஆளுக்கு ஓர் எழுத்துரு. திரையில் "அம்மா" என்று தெரியும். அடியில் பதிவாகி இருப்பதோ ஏதோ அந்நிய எழுத்துகள்! யந்திரம் அடியில் இருப்பதைத்தான் படிக்கும். தமிழில் தேடினால் எப்படிக் கிடைக்கும்?

இந்தக் கஷ்டத்தைப் பட்டுத் தீர்த்தவர்களில் முக்கியமானது "மதுரைத் திட்டம்". சங்கம் வளர்த்த மதுரையின் பெயரைத் தாங்கிய இந்த முயற்சி, 1998 பொங்கலன்று தொடங்கியது. இதைத் தொடங்கியவர் சுவிட்சர்லாந்தில் வசித்த இரசாயன விஞ்ஞானி கு. கல்யாணசுந்தரம். பல நாடுகளில் உள்ள தமிழர்கள் கூலி வாங்காமல் பழைய நூல்களைத் தட்டச்சு செய்தார்கள்; பிழை திருத்தினார்கள். 500-க்கு மேற்பட்ட நூல்கள் இன்று இலவசமாகக் கிடைக்கின்றன.

அவை முதலில் பழைய எழுத்துருக்களில்தான் வந்தன. பிறகு யூனிகோடு முறைக்கு மாற்றினார்கள். அந்த முறையில் "அ"வுக்கு எண் 2949, "ஆ"வுக்கு 2950. உலகம் முழுவதும் அதே எண்தான். மதுரையில் தட்டினாலும் மலேசியாவில் தட்டினாலும் மாறாது. அதனால்தான் இன்று ஒரு பள்ளி மாணவி கைபேசியில் குறளின் இரண்டு சொற்களைத் தட்டியதும் முழுக்குறளும் வந்து நிற்கிறது.

உங்கள் ஊர்ப் பள்ளிக்கோ கோவிலுக்கோ பழைய இணையதளம் இருக்கிறதா? அதில் ஒரு வரியை நகல் எடுத்து வேறு இடத்தில் ஒட்டிப் பாருங்கள். தமிழ் மறைந்து புரியாத எழுத்துகள் வந்தால், பூட்டு எழுத்துருவில் இருக்கிறது. தமிழாகவே வந்தால், அதே வரியை மேற்கோள் குறிக்குள் போட்டுக் கூகிளில் தேடுங்கள். அந்தப் பக்கம் வரவில்லை என்றால், தளத்தைக் கட்டியவரிடம் முதலில் கேட்க வேண்டிய கேள்வி: "பிரேம் போட்டிருக்கிறதா?"