சிசேரியனுக்குப் பின் வயிற்றுச் சீரமைப்பு: எப்போது, எவ்வாறு?

“குழந்தையை எடுக்கும்போதே தளர்ந்த வயிற்றையும் சரிசெய்துவிடலாமா?” என்று தாய்மார் பலர் கேட்பதுண்டு. அது உகந்ததன்று. பேறுகாலத்தில் கருப்பை பருத்திருக்கும். இரத்தம் உறையும் இயல்பும் மிகுந்திருக்கும். கருப்பை சுருங்கவே ஏறத்தாழ 6 வாரங்களாகும். தோலும் தசையும் இறுக மேலும் பல மாதங்கள் வேண்டும்.

ஆகவே, குறைந்தது 6 மாதங்கள், இயன்றால் ஓராண்டு பொறுத்திருத்தல் நலம். தாய்ப்பாலூட்டல் நின்று சில மாதங்கள் கழிந்து, உடல் எடையும் நிலைபெற்றிருக்க வேண்டும். இது எடை குறைக்கும் சிகிச்சையன்று. மீண்டும் கருவுற விரும்புவோர் அதன் பின்னரே செய்துகொள்ளலாம். இல்லையேல், இழுத்துத் தைத்த தசைகள் மறுபடியும் விலகக்கூடும்.

இரத்தச்சோகை, சர்க்கரை நோய் இருப்பின் முன்னரே சீர்செய்துகொள்ளுங்கள். புகைப்பழக்கத்தைக் குறைந்தது 4 வாரங்களுக்கு முன் விட்டுவிடுங்கள். புகை புண் ஆறுவதைத் தடுக்கும். உட்கொள்ளும் மருந்துகள் அனைத்தையும் மருத்துவரிடம் கூறுங்கள். இருமும்போது பழைய தழும்பருகே புடைப்புத் தோன்றினால் அதையும் மறவாது சொல்லுங்கள். அது குடலிறக்கமாக இருக்கலாம்.

குடும்பத்தாருக்கு ஒரு சொல்: சிகிச்சைக்குப் பின் ஏறத்தாழ 6 வாரங்கள் தாய் தம் குழந்தையைத் தூக்கலாகாது. அழும் குழந்தையைத் தூக்க வீட்டில் வேறு கைகள் உள்ளனவா என்று உறுதிசெய்த பின்னரே நாள் குறியுங்கள்.